இரும்புக்கல்லின் முன்னே ஒரு மாலை

யப்பானுக்குச் சென்று மீண்ட பின்னர் நம்மைக் கண்டோர் யாவரும் கேட்ட கேள்வி ஒன்றே. அந்நாட்டுப் பாடசாலைகளைப் பற்றியோ, காற்றினுங் கடிது செல்லும் புகையிரதங்களைப் பற்றியோ எவரும் கேட்டிலர். "அங்கே என்னத்தைச் சாப்பிட்டீர்கள்?" என்பதே அக்கேள்வி. மரக்கறி உணவன்றிப் பிறிதொன்றும் தொடாத ஒருவர், கடலையே வயலாகக் கொண்டு வாழும் ஒரு நாட்டிலே மூன்று வாரம் எங்ஙனம் உயிர்தரித்தார் என்பது அயலவர்க்கு வியப்பாக இருந்தது. உண்மையைச் சொல்வதானால் நமக்கும் அது வியப்புத்தான். வெறுஞ் சோறும், உப்பிலிட்ட காய்களும், வாழைப்பழமும், இல்லத்தார் பொதிசெய்து தந்த பருத்தித்துறை வடையுமே நம்மைப் பெரும்பாலும் காத்தன. வடை ஒன்பதாம் நாளோடு முடிந்துவிட்டது.

ஆயினும் ஓர் உணவைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. அதன் பெயர் 'ஒகோனோமியாகி'. 'ஒகோனோமி' என்றால் உமக்கு எது விருப்பமோ அது. 'யாகி' என்றால் சுட்டது. கோதுமை மாவைக் கரைத்து, கோவாவை மெல்லியதாக அரிந்து சேர்த்து, மேசையளவு அகன்ற இரும்புக்கல்லில் இட்டுச் சுடும் பண்டம் அது. ஆங்கிலம் படித்தோர் இதனை யப்பானியப் 'பான்கேக்' என்பர். அப்பெயர் நமக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. பான்கேக் தேனோ பாணியோ ஊற்றித் தின்னும் இனிப்புப் பண்டம். இதுவோ வயிறு நிறைய உண்ணும் ஒரு வேளைச் சாப்பாடு. நம் ஊத்தப்பத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொன்னால் ஓரளவு பொருந்தும்.

இதனை விற்கும் கடைகள் பகட்டு அற்றவை. வாயிலிலே ஒரு துணித்திரை தொங்கும். உள்ளே நீண்ட இரும்புக்கல். அதன் ஒருபுறம் சுடுபவர், மறுபுறம் உண்பவர். வேலை முடிந்து வரும் தொழிலாளியும், குழந்தையைக் கையிற் பிடித்து வரும் தாயும், பாடசாலைப் பையை இறக்கி வைக்காத மாணவரும் அருகருகே அமர்ந்திருப்பர். சமையலறைக்கும் சாப்பாட்டறைக்கும் இடையிலே சுவர் இல்லை. தம் உணவு எப்படி உருவாகின்றது என்பதைத் தொடக்கம் முதல் முடிவுவரை கண்ணாற் கண்டு, அதன் பின்னரே உண்கின்றனர். விலையும் ஆயிரம் யென்னை ஒட்டியே இருக்கும். அந்நாட்டு நிலைக்கு அது பெருந்தொகை அன்று.

இவ்வுணவுக்கு இரு பெருங்குடிகள் உண்டு. ஒன்று ஒசாக்கா, மற்றது ஹிரோஷிமா. ஒசாக்காக்காரர் மாவையும் கோவாவையும் முட்டையையும் கிண்ணத்திலே ஒருங்கே கலந்துவிடுவர். வள்ளிக்கிழங்கு இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கைப் பச்சையாகத் துருவி அதிற் சேர்ப்பதும் வழக்கம். அதனாற் பண்டம் பஞ்சுபோல் எழும்பும். ஹிரோஷிமாக்காரர் எதனையும் கலப்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். இடையிலே நூடில்ஸும் வைப்பர். தம்முடையதே உண்மையான ஒகோனோமியாகி என்று இரு சாராரும் சாதிப்பதைக் கேட்டபோது, நம்மூரிலே இரு அயற்கிராமத்தார் தத்தம் கோயிற் தேரின் உயரத்தைப் பற்றி வழக்காடுவது நினைவுக்கு வந்தது. வெளியூரார் வாய்தவறி 'ஹிரோஷிமாயாகி' என்று சொல்லிவிட்டாற்கூட ஹிரோஷிமா மக்களிற் பலர் முகஞ்சுளிப்பர். தங்களுடையது ஒகோனோமியாகி, மற்றவர்கள் தங்களுடையதற்கு அடைமொழி இட்டுக்கொள்ளட்டும் என்பது அவர்கள் கட்சி.

ஒசாக்காவில் நமக்கு நேர்ந்ததை மறைக்கப்போவதில்லை. டோட்டன்போரி என்னும் கால்வாய்க் கரையிலே, இரவைப் பகலாக்கும் விளக்குகளுக்கு நடுவே, ஒரு கடையினுட் புகுந்தோம். உடன் வந்த ஆசிரியர்கள் வேறு கடைக்குப் போய்விட்டனர். "இறைச்சி வேண்டாம்" என்னும் யப்பானிய வாக்கியத்தை முதல்நாள் இரவு முழுதும் நெட்டுருச் செய்து வைத்திருந்தோம். அதனைத் திருத்தமாகச் சொன்னோம். பணியாளரும் தலைதாழ்த்தி ஏற்றுக்கொண்டார். பண்டம் வந்தது, அதன்மேல் மரச்சீவல் போன்ற மெல்லிய துண்டுகள் நிறையத் தூவப்பட்டிருந்தன. அவை அசைந்தன! சூட்டிலே நெளிந்தும் நிமிர்ந்தும் கூத்தாடின. உயிருள்ள எதையோ நம்முன் வைத்துவிட்டனர் என்று ஒருகணம் நடுங்கிப்போனோம். பின்னர் விசாரித்தபோது அது சூரைமீனை வேகவைத்துப் புகையூட்டிக் காயவைத்துச் சீவியது என்று அறிந்தோம். அஃதாவது நம் நாட்டு மாசிக் கருவாட்டின் உடன்பிறப்பு. அந்நாட்டிலே 'இறைச்சி' என்னும் சொல்லுள் மீன் அடங்காது. குற்றம் கடைக்காரருடையதன்று; நாம் படித்த வாக்கியத்தினது. விலையைக் கொடுத்துவிட்டு எழுந்துவந்து, அன்றிரவு இரண்டு வாழைப்பழத்தோடு படுத்தோம்.

மறுநாட் காலை ஹிரோஷிமா நோக்கிப் புறப்பட்டோம். விரைவுப் புகையிரதத்திலே ஒன்றரை மணி நேரப் பயணம். அதிற் பாதி மலைக் குகைகளுள்ளே கழிந்தது. நிலையத்திலே நம் பழைய மாணவர் ஒருவர் காத்திருந்தார். க.பொ.த. உயர்தர வகுப்பிலே நம்மிடம் படித்தவர். அங்கேயே பொறியியற் பட்டம் பெற்று, வாகனத் தொழிற்சாலை ஒன்றிலே உத்தியோகம் பார்க்கின்றார். யப்பானிய மொழியை அந்நாட்டாரைப்போலவே பேசுகின்றார். வகுப்பிலே வாய்திறவாத பிள்ளை அவர். இப்போது அவர் பேசுவதை நாம் வாய்திறவாது கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஹிரோஷிமா ஓத்தா ஆற்றின் கழிமுகத்திலே கிளைகளுக்கு இடையே அமைந்த நகரம். எப்பக்கம் நடந்தாலும் சிறிது தூரத்தில் ஒரு பாலம் வந்துவிடும். வீதிகளிலே இன்றும் திராம் வண்டிகள் ஓடுகின்றன. 1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6ஆம் திகதி காலை 8.15 மணிக்கு அணுக்குண்டு வீழ்ந்தது. மூன்றாம் நாளே, ஆகஸ்ட் 9ஆம் திகதி, ஒரு பகுதிப் பாதையிலே திராம் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியது என்று மாணவர் சொன்னார். குண்டுக்குத் தப்பிய வண்டிகளிற் சில பழுதுபார்க்கப்பட்டுப் பல்லாண்டுகள் சேவையில் இருந்துள்ளன. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு இம்மண்ணிற் புல்லும் முளையாது என்று அந்நாளிற் பேசிக்கொண்டார்களாம். முளைத்தது. முதலிலே பூத்தவற்றுள் ஒன்று அலரி என்பர். அதுவே இன்று அந்நகரின் மலர். நம் கோயில் நந்தவனங்களில் நிற்கும் அதே அலரி வீதியோரத்திலே நிற்கக் கண்டபோது, தொலைவூரிலே உறவினரைக் கண்டது போன்றிருந்தது.

நினைவு நூதனசாலையைப் பற்றி இங்கே விரித்து எழுதப்போவதில்லை. அதனைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். ஒன்றை மட்டும் சொல்கிறோம். அங்கே கண்ணாடிப் பெட்டியினுள்ளே ஒரு மாணவனின் சாப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. தீத்தடுப்பு வெளி அமைப்பதற்காகக் கட்டடங்களை இடிக்கும் பணியிலே அன்று நகரின் பாடசாலைச் சிறுவர்கள் ஆயிரக்கணக்கில் ஈடுபடுத்தப்பட்டிருந்தனர். அவர்களுள் ஒருவனுடைய பெட்டி அது. தாயார் மகனைத் தேடிச்சென்று, உடலோடு அதனையும் கண்டெடுத்தார். உள்ளே இருந்த சோறு கரியாகிக் கிடக்கின்றது. காலையிலே பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டியோடு வகுப்புக்கு வருவதை நாள்தோறும் காண்பவர் நாம். அவ்விடத்தில் நெடுநேரம் நிற்க நம்மால் இயலவில்லை.

வெளியே வந்து ஆற்றங்கரை வாங்கிலே அமர்ந்திருந்தோம். எதிரே அணுக்குண்டுக் கூடம் என்று வழங்கும் சிதைந்த கட்டடம். 1915இலே கட்டிமுடிக்கப்பட்ட அது அன்று கைத்தொழிற் பொருட்காட்சி மண்டபமாக விளங்கியது. மாணவர் மெல்லச் சொன்னார்: "சேர், இரவுக்கு ஒகோனோமியாகி சாப்பிடுவம். இந்த ஊருக்கு வந்து அதைச் சாப்பிடாமல் போகக்கூடாது."

ஒசாக்காக் கதையைச் சொன்னோம். அவர் சிரித்தார். "நான் இருக்கிறன் சேர். எனக்குத் தெரிஞ்ச அம்மா ஒருவர் இருக்கிறா" என்றார்.

போகும் வழியிலே அவ்வுணவின் வரலாற்றைக் கேட்டுக்கொண்டே நடந்தோம். போருக்கு முன்னர் அது சிறுவர் தின்பண்டமாக இருந்தது. 'ஒரு சென் மேனாட்டு உணவு' என்று அதற்குப் பெயர்; சென் என்பது ஒரு யென்னில் நூறில் ஒரு பங்கு. மாக்கரைசலை மெல்லியதாக ஊற்றி, வெங்காயத்தாள் போன்ற எதையாவது தூவி, இரண்டாக மடித்து, ஆங்கிலேயர் வழிவந்த கறுத்தச் சுவைநீரைத் தடவிக் கொடுப்பார்கள். அச்சுவைநீர் சேர்ந்தபடியாலேயே அது 'மேனாட்டு உணவு' ஆயிற்றாம்! போருக்குப் பின்னே அரிசி இல்லை. அமெரிக்காவிலிருந்து கோதுமை மா வந்து இறங்கியது. இரும்புத் தகடு ஒன்று கிடைத்தால் அதனை அடுப்பிலேற்றி, சிறுவர் பண்டத்தையே பெரியோர் வயிறு நிறைக்கும் உணவாக மாற்றினர். மா குறைவாக இருந்தபோது கோவா அதனைப் பெருக்கிக் காட்டியது. நகரின் நடுவே திறந்தவெளியிலே தள்ளுவண்டிக் கடைகள் வரிசையாகத் தோன்றின. அவற்றின் வழிவந்த கடைகள் இருபதுக்கும் மேற்பட்டவை 'ஒகோனோமி கிராமம்' என்னும் மாடிக் கட்டடம் ஒன்றிலே இன்றும் இயங்குகின்றன. 1952இலே அவ்வூர் நிறுவனம் ஒன்று இவ்வுணவுக்கென்றே தடித்த சுவைக்குழம்பு ஒன்றை ஆக்கியது; முன்னையது தண்ணீராக வழிந்தோடியமையே அதற்குக் காரணம். 'ஒத்தாஃபுக்கு' என்னும் அக்குழம்பின் இனிப்புக்குப் பேரீச்சம்பழம் சேர்க்கின்றனர் என்பது நம்மை வியப்பில் ஆழ்த்திய செய்தி. பாலைவனத்துப் பழம் எங்கே, யப்பானியக் கோவா எங்கே!

கடைகளின் பெயர்களை மாணவர் வாசித்துக் காட்டிக்கொண்டே வந்தார். பலவும் 'சான்' என்று முடிந்தன. சிறுவரையும் நெருங்கியவரையும் செல்லமாக விளிக்கும் விகுதி அது; நாம் 'குஞ்சு' என்றும் 'ராசாத்தி' என்றும் சொல்வதுபோல. போரிலே கணவனை இழந்த பெண்கள் பலர் தம் வீட்டு முன்னறையிலேயே கல்லைப் போட்டுக் கடை தொடங்கினர் என்றும், காணாமற் போனவர்கள் எங்கேனும் உயிரோடிருந்து திரும்பி வந்தால் அடையாளம் காணட்டும் என்று வீட்டுப் பெயரையே கடைக்கு வைத்தனர் என்றும் அவ்வூரிலே சொல்வார்களாம்.

நாம் சென்ற கடை மாடிக் கட்டடத்திலே இல்லை. திராம் பாதையிலிருந்து விலகிய ஓர் ஒழுங்கையிலே இருந்தது. எட்டுப்பேர் அமரலாம். கல்லின் பின்னே நின்றவர் எண்பதை அணுகும் ஒரு மூதாட்டியார். தலையிலே வெள்ளைத் துணி. மணிக்கட்டு முதல் முழங்கைவரை பழைய சூட்டுத் தழும்புகள். நாம் அமர்ந்தபோது வேறு இருவருக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். அதனைப் பார்க்கக் கிடைத்தது நல்லதாயிற்று.

ஒரு கரண்டி மாக்கரைசலை ஊற்றிக் கரண்டியின் அடியாலேயே வட்டமாக இழுத்தார். நம் வீட்டுத் தோசையிலும் மெல்லியது. அதன்மேல் மீன்தூள். பின்னர் ஒரு குன்றுபோலக் கோவா. இத்தனையும் எப்படி நிற்கும் என்று நாம் எண்ணும்போதே அதன்மேல் முளைகட்டிய பயறு, பொரித்த மாத்துணுக்குகள், பன்றியிறைச்சித் துண்டங்கள். மேலே சிறிது கரைசலைத் தெளித்தார். பிறகு இரு அகன்ற தட்டகப்பைகளை இருபுறமும் செருகி, ஒரே வீச்சிலே குன்றை முழுதும் கவிழ்த்துப் போட்டார். ஓர் இலைத் துணுக்கும் சிதறவில்லை. இப்போது தோசை மேலே, கோவா கீழே. தோசை மூடியாகி நிற்க, கோவா தன் நீரிலேயே ஆவியில் வேகின்றது. குன்று மெல்ல மெல்லத் தணிந்தது. அதற்கிடையே பக்கத்திலே நூடில்ஸை வதக்கி வட்டமாக்கி, அதன்மேல் இதனைத் தூக்கி வைத்தார். ஒரு முட்டையை உடைத்துக் கல்லிலே பரப்பி, அனைத்தையும் அதன்மேல் ஏற்றி, மறுபடியும் கவிழ்த்தார். குழம்பைத் தூரிகையாலே தடவிப் பச்சைக் கடற்பாசித் தூளைத் தூவினார். கால்மணி நேரத்துக்கு மேலாகியிருக்கும். அவர் ஒருதரமும் விரையவில்லை. கொத்துறொட்டிக் கடையின் தாளத்துக்குப் பழகிய காதுகளுக்கு அக்கடையின் அமைதி புதுமையாக இருந்தது.

நம் முறை வந்தது. மாணவர் விளக்கத் தொடங்கினார். இறைச்சி இல்லை, மீன் இல்லை, மீன்தூளும் இல்லை, முட்டையும் இல்லை. ஒவ்வொன்றாக அவர் விலக்க விலக்க, மூதாட்டியார் முகத்திலே கவலை படர்ந்தது. குழம்புப் போத்தலைக் கேட்டு வாங்கிப் பின்புறத்துச் சிறிய எழுத்தை மாணவர் வாசித்தார். அதனுள்ளும் சிப்பிச் சாறு இருந்தது. நமக்கோ வெட்கமாகப் போய்விட்டது. விருப்பப்படி சுட்டது என்று பெயர் பெற்ற உணவின் முன்னே அமர்ந்து, இது வேண்டாம், அது வேண்டாம் என்று அடுக்குவது என்ன நாகரிகம்? "தம்பி, விடும், எழுந்து போவோம்" என்றோம்.

அவர் எழவில்லை. "புத்த கோயிலிலே துறவிகள் உண்ணும் சாப்பாடுபோல" என்று யப்பானிய மொழியிலே சொன்னார். மூதாட்டியார் முகம் தெளிந்தது. "ஓ, ஷோஜின்!" என்றார். அதன்பின் அவர் கேட்ட ஒரே கேள்வி நம்மை வியக்கச் செய்தது: வெங்காயத்தாள் ஆகுமா? யப்பானியத் துறவிகள் வெங்காயமும் உள்ளியும் விலக்குபவர்கள். அது அவருக்கு நினைவிருந்தது. ஆகும் என்றோம்.

அகன்ற சுரண்டி ஒன்றை எடுத்துக் கல்லின் ஒரு மூலையைச் சுரண்டத் தொடங்கினார். சுரண்டினார், தண்ணீர் தெளித்துத் துடைத்தார், மீண்டும் சுரண்டினார். இரும்பு பளபளக்கும்வரை விடவில்லை. புதிய எண்ணெய் தடவினார். வேறு கரண்டியும் வேறு தட்டகப்பையும் எடுத்தார். இவற்றுள் எதனையும் நாம் கேட்கவில்லை. மெல்லிய தோசை ஒன்று, கோவா, முளைப்பயறு, வெங்காயத்தாள், உப்பு. பொரித்த மாத்துணுக்குகளை எடுக்கக் கைநீட்டியவர், ஏதோ நினைத்துக் கையை மீட்டுக்கொண்டார். முட்டை நிற்கவேண்டிய இடத்திலே இரண்டாவது தோசை ஒன்றை ஊற்றி, அதன்மேல் அனைத்தையும் ஏற்றினார். கவிழ்த்தார். சோயாச் சாற்றைச் சிறிது தெளித்தபோது கல்லிலிருந்து எழுந்த மணத்தை இப்போதும் உணர்கின்றோம். கடற்பாசித் தூளைக் காட்டி மாணவரைப் பார்த்தார். "அது தாவரந்தான் சேர்" என்றார் மாணவர்.

உண்பதற்குச் சிறு உருக்குத் தட்டகப்பை ஒன்றைத் தந்தனர். தட்டு இல்லை. கல்லின் விளிம்பிலேயே வைத்து, கட்டங் கட்டமாக வெட்டி, அப்படியே எடுத்து வாயிலிடவேண்டும். முதற்கட்டம் நாக்கைச் சுட்டுவிட்டது. இரண்டாவதிலேதான் சுவை தெரிந்தது. கோவாவுக்கு அத்துணை இனிமை உண்டு என்பதை நாற்பது வயதுக்குமேல் அறிந்தோம்.

மூதாட்டியார் ஏதோ சொல்ல, மாணவர் சிறிது தயங்கிப் பெயர்த்தார். இது தாம் விற்கும் பண்டம் அன்று என்கிறார். தம் மாமியார் முதன்முதலிலே சுட்டது இதுதான் என்கிறார். மாமியாரின் கணவர் அன்று காலை நகருக்குள் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. மகன், அஃதாவது மூதாட்டியாரின் கணவர், அப்போது ஒன்பது வயதுச் சிறுவன். பாடசாலைப் பிள்ளைகளோடு மலைநாட்டுக் கோயில் ஒன்றுக்கு அனுப்பப்பட்டிருந்தபடியாற் பிழைத்தான். அவனை வளர்க்கவே அவ்வம்மையார் வீட்டு முன்னறையிலே கல்லைப் போட்டார். முட்டை இல்லை; இறைச்சி இல்லை; நூடில்ஸ் பின்னாளிலே வந்தது. மீன்தூள் கிடைத்த நாளிலே தூவுவார். கிடையாத நாளிலே உப்பு மட்டும். "ஆகவே இதற்குக் காசு வாங்க வெட்கமாயிருக்கிறது என்கிறா, சேர்" என்று முடித்தார்.

நம் கை நின்றுவிட்டது. அவருக்கு ஒரு கதையை நாமும் சொல்லவேண்டும் போலத் தோன்றியது. மாணவருக்கே நாம் அதனை முன்னர்ச் சொன்னதில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுள் நாமும் இருந்தோம். நமக்கு அப்போது வயது பதினைந்து. மழை. சாவகச்சேரிப் பக்கத்துப் பாடசாலை விறாந்தை ஒன்றிலே பல குடும்பங்களோடு ஆறு மாதம் இருந்தோம். நிவாரணமாகக் கிடைத்தவற்றுள் கோதுமை மாவும் உண்டு. முன்னொரு காலத்திலே நம்மூரில் 'அமெரிக்கன் மா' என்று வழங்கிய அதே மா. தகரம் ஒன்றை மூன்று கல்லின்மேல் வைத்து அம்மா றொட்டி சுட்டார். மா ஐந்து பேருக்குப் போதாது. பாடசாலை வேலியிலே முருங்கை நின்றது. அதன் இலையை உருவி உருவி மாவோடு குழைத்தார். மாவினும் இலையே மிகுதி. தேங்காய்ப்பூ இல்லை, எண்ணெய் இல்லை. பசியிலே அதைப் போன்ற சுவையான உணவு இவ்வுலகில் இல்லை என்று நாம் எண்ணியிருந்தோம். 1996இலே வீடு திரும்பினோம். சில காலத்தின் பின் ஒருநாள் அந்த றொட்டியைச் சுட்டுத் தரும்படி கேட்டோம். அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அதை இந்த வீட்டிலை சுடமாட்டன்" என்றார். அவர் இறக்கும்வரை சுடவுமில்லை. நாம் மறுமுறை கேட்கவுமில்லை.

மாணவர் அதனை மெல்ல மெல்லப் பெயர்த்தார். மூதாட்டியார் கல்லைத் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஊரெல்லாம் தன் பஞ்சகாலத்து உணவையே பெருமையாகக் கொண்டாடி, அதற்கு மாடிக் கட்டடமும் கட்டியிருக்கிறது. நாமோ அதனை வாயெடுத்துச் சொல்லவும் கூசினோம் என்னும் எண்ணம் அப்போது நம்முள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அதனை நாம் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன மறுமொழி அவ்வெண்ணத்தைக் குலைத்துவிட்டது.

"என் மாமியாரும் இதை உண்டதில்லை. முப்பது ஆண்டு இந்தக் கல்லிலே பிறருக்குச் சுட்டார். கடையைப் பூட்டிய பின் வீட்டுக்குள்ளே போய்ச் சோறு உண்பார். எவ்வளவு நேரமானாலும் சோறுதான்."

அதன்பின் மூவரும் ஒன்றும் பேசவில்லை. கல்லிலே எஞ்சியிருந்த கட்டங்களை உண்டு முடித்தோம். காசு வாங்க மறுத்தவரோடு மாணவர் நெடுநேரம் மன்றாடினார். யப்பானிலே கடைக்காரருக்கு மேலதிகமாகப் பணங் கொடுக்கும் வழக்கம் இல்லை. கொடுத்தால் பின்னால் ஓடிவந்து திருப்பித் தருவர். ஆகவே பட்டியலிலே உள்ள மிகக் குறைந்த விலையை வாங்கிக்கொள்ளச் செய்தோம். நாம் தெருத் திரும்பும்வரை அவர் துணித்திரைக்கு வெளியே நின்று தலைதாழ்த்திக்கொண்டிருந்தார்.

யப்பான் செல்லும் சைவ உணவினர்க்கு ஒரு வார்த்தை. 'இறைச்சி வேண்டாம்' என்னும் வாக்கியம் பயன்படாது. 'ஷோஜின்' என்னும் ஒரு சொல் பயன்படும். கூட்டம் மிகுந்த கடைகளிலே கல்லைச் சுரண்டித் தர அவகாசம் இராது. ஆகவே மாலை ஐந்து மணியளவிலே, கூட்டம் சேருமுன் செல்க. குழம்பை விலக்கிச் சோயாச் சாறு கேட்க. ஹிரோஷிமாப் பகுதி எலுமிச்சைக்குப் பேர்போனது. கிடைத்தால் ஒரு துண்டு பிழிந்துகொள்க.

மறுநாள் இரும்புக் கடை ஒன்றிலே சிறு தட்டகப்பைகள் இரண்டு வாங்கி வந்தோம். நம் மகள் அவற்றைத் தன் விளையாட்டுச் சாமான்களோடு சேர்த்துவிட்டாள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இல்லத்தாரிடம் முருங்கையிலை போட்டு றொட்டி சுடும்படி சொன்னோம். காரணம் சொல்லவில்லை. தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் இட்டு அவர் நன்றாகவே சுட்டிருந்தார். தந்தையாருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. கோப்பையிலே வைத்ததைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் பிய்த்து வாயிலிட்டு, நிதானமாக மென்றார்.

"கொம்மா இதுக்கு வெங்காயம் போடேல்லை" என்றார். "வெங்காயத்துக்கு எங்கை போறது அப்ப?"

இன்னொன்று வைக்கும்படி கோப்பையை நீட்டினார்.